காவிரி வரைபடத்துக்கு எந்த போர்டு வாங்குவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் எழுதிவிடுகிறேன். டெல்டா பக்கம் ஒரு சிறிய அருங்காட்சியகம். எட்டடிக்கு நான்கடி அளவில் காவிரியின் புடைப்பு வரைபடம். தலைக்காவிரி தொடங்கி ஒகேனக்கல், மேட்டூர், முக்கொம்பு, கல்லணை என்று பூம்புகார் வரை 24 இடங்கள், 24 பட்டன்கள். அழுத்தினால் அந்த இடத்தில் விளக்கு எரிந்து அரை நிமிடம் குரல் விளக்கம் வரவேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் ஆர்டுயினோ மெகா என்ற கட்டுப்பாட்டு போர்டை வைத்து யாரோ செய்து தந்திருக்கிறார்கள். ஆறே மாதத்தில் பட்டன்கள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. ஃபேன், டியூப்லைட் போடும்போது யாரும் தொடாமலே விளக்கு எரிகிறது. கரண்ட் போய் வந்தால் மொத்தமும் உறைந்து நிற்கிறது. பக்கத்துக் கண்ணாடிப் பேழையில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அங்கே ஆள் நிற்கும்போது மட்டும் எரிகிற விளக்கு வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வரைபடத்தைப் பொருட்காட்சிக்கும் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். இத்தனைக்கும் ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கணினியும் டச் ஸ்கிரீனும் வாங்கலாமா, இஎஸ்பி32 என்ற சிறிய போர்டு போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போர்டின் பெயரைக் கேட்டிருந்தாலும், உங்களுக்குத் தேவைப்படுவது வேறு. காலையில் ஒரு சுவிட்சைப் போட்டு மாலையில் அதே சுவிட்சை அணைப்பதற்கு மேல் எதுவும் செய்யத் தேவையில்லாத ஓர் அமைப்பு. பழுதானால் உங்கள் ஊர் எலக்ட்ரீஷியனே சரிசெய்யக்கூடிய அமைப்பு. நீங்கள் சொன்ன மூன்று கோளாறுகளில் ஒன்றுகூட போர்டின் வேகத்தாலோ நினைவகத்தாலோ வந்ததில்லை. போர்டை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே விட்டால், இஎஸ்பி32-லும் இதே கோளாறுகள் வரும். அது 3.3 வோல்ட்டில் இயங்குவதால் மின் இரைச்சல் தொல்லை இன்னும் கொஞ்சம் கூடும் என்றே எதிர்பார்க்க வேண்டும்.

தானாக எரிகிற விளக்கிலிருந்து தொடங்குகிறேன். மூன்றில் எனக்குக் கிட்டத்தட்ட உறுதியாகத் தெரிவது இதுதான். பட்டனிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் ஒயரை நேரே ஆர்டுயினோவின் பின்னில், அதாவது இணைப்பு முனையில், செருகி, சிப்பின் உள்ளேயே இருக்கும் புல்அப் ரெசிஸ்டரை (பட்டன் அழுத்தாதபோது முனையை 5 வோல்ட்டில் பிடித்து வைப்பது) நம்பி விட்டிருப்பார்கள். அந்த உள் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோஓம் வரை. அவ்வளவு பலவீனமான பிடிப்பில் தொங்கும் நீண்ட ஒயர் ஆண்டெனாவாகிவிடும். டியூப்லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர், உங்கள் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே இருக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஆகியவை கிளப்பும் துடிப்பை அது பிடித்துக்கொள்கிறது. நிரல் அதை பட்டன் அழுத்தம் என்று எடுத்துக்கொள்கிறது. மேஜையில் சோதித்தபோது ஒயர் ஒரு சாண் நீளம் இருந்திருக்கும், பிரச்சினை தெரிந்திருக்காது. இருப்பதை வைத்தே தற்காலிகமாகச் சமாளிக்க வழி உண்டு. ஒவ்வொரு உள்ளீட்டிலும் 5 வோல்ட்டுக்கு வெளியிலிருந்து 1 கிலோஓம் ரெசிஸ்டர் கொடுங்கள். ஒயரிலிருந்து பின்னுக்குள் போகும் வழியில் 10 கிலோஓம், பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 100 நானோஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள். பட்டனுக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் முறுக்கி ஜோடியாக்குங்கள். நெட்வொர்க் கேபிளில் அந்த ஜோடிகள் தயாராகவே கிடைக்கின்றன. நிரலில் ஒரு பட்டன் தொடர்ந்து 40 மில்லிசெகண்ட் அழுத்தப்பட்டிருந்தால்தான் அதை அழுத்தமாக எண்ண வேண்டும். ரிலேக்கள் தனியாக வாங்கிப் பொருத்தியவை என்றால், ஒவ்வொரு காயிலுக்கும் குறுக்கே 1என்4007 டயோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பட்டன்கள் செத்ததில் இரண்டு காரணங்களுக்கு இடம் இருக்கிறது. எது என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது, ஆனால் நீங்களே ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். வேலை செய்யாத பட்டனின் பின்பக்க முனைகள் இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் தொடுங்கள். விளக்கு எரிந்தால் குற்றவாளி பட்டன். எரியாவிட்டால் ஒயர் இணைப்பு. பட்டன்தான் என்றால், அதை நாலைந்து முறை வேகமாக அழுத்திப் பாருங்கள். பிறகு சரியாக வேலை செய்கிறது, மறுநாள் காலை மறுபடி மக்கர் என்றால், உடையவில்லை. உள்ளே தொடுமுனையில் படலம் பிடித்திருக்கிறது. பெரும்பாலான பெரிய பட்டன்களின் தொடுமுனை வெள்ளி. வெள்ளி காற்றில் கறுக்கும். கொஞ்சம் அதிக மின்னோட்டம் பாய்ந்தால் ஒவ்வொரு அழுத்தத்திலும் அந்தப் படலம் உடைந்து தொடுமுனை சுத்தமாகிக்கொண்டே இருக்கும். ஆர்டுயினோவின் உள் ரெசிஸ்டர் வழியே பாய்வது அதிகபட்சம் கால் மில்லிஆம்பியர். அதற்கு அந்த வலு கிடையாது. 230 வோல்ட்டுக்கு நன்றாக உழைக்கும் பட்டன், 5 வோல்ட் கால் மில்லிஆம்பியரில் சீக்கிரம் ஊமையாவது இதனால்தான். உப்புக் காற்று வீசும் கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். 12 அல்லது 24 வோல்ட்டில் 5 முதல் 10 மில்லிஆம்பியர் ஓடவிடுவது ஒரு தீர்வு, தங்கமுலாம் பூசிய தொடுமுனை உள்ள பட்டன் வாங்குவது இன்னொன்று. முதலாவதே மலிவு, இரைச்சலையும் அதுவே பாதி அடக்கிவிடும்.

கரண்ட் வந்ததும் உறைந்து நிற்பதற்கு நான்கு காரணங்களாவது இருக்கலாம், எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது நிரல். குரலுக்கு டிஎஃப்பிளேயர் மினி என்ற சிறிய எம்பி3 போர்டு போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் போர்டுக்கு மெமரி கார்டைப் படித்துத் தயாராக ஓரிரு விநாடி தேவை. அதோடு வரும் மாதிரி நிரலில், பிளேயர் பதில் சொல்லாவிட்டால் முடிவில்லாச் சுற்றில் அப்படியே நின்றுவிடும்படி எழுதியிருக்கிறது. மேஜையில் கற்றுக்கொள்பவருக்கு அது சரி. காட்சிக்கூடத்தில் அதை அப்படியே நகலெடுத்தால், கரண்ட் வந்தவுடன் பிளேயர் கொஞ்சம் தாமதித்தாலே 24 விளக்குகளும் சேர்ந்து செத்துவிடும். மூன்று விநாடி காத்திருந்து, பிளேயர் பதில் தராவிட்டாலும் விளக்குகளை மட்டும் வைத்து முன்னேறும்படி அதை மாற்றி எழுத வேண்டும். இரண்டாவது, கரண்ட் திரும்பும்போது ஒரேயடியாக வராமல் இரண்டு மூன்று முறை விட்டுவிட்டு வருவது. சிப்புக்குப் போகும் 5 வோல்ட் பாதியில் ஊசலாடும்போது அது தாறுமாறாகத் தொடங்கும். ஆர்டுயினோவில் உள்ள ஏவிஆர் சிப்புகளில் பிரவுன்அவுட் (மின்னழுத்தக் குறைவைக் கண்டறியும்) அளவை 4.3 வோல்ட்டில் வைத்தால், அதற்குக் கீழே போனதும் சிப் ரீசெட்டிலேயே காத்திருக்கும். மெயின்ஸ் பக்கம் 30 விநாடி தாமதித்து இணைக்கும் ஆன்டிலே டைமர் ஒன்றைப் போட்டால் ஊசலாட்டம் உள்ளேயே வராது. தொழிற்சாலைப் பேனல்களில் சாதாரணமாகப் போடுவதுதான். மூன்றாவது, வாட்ச்டாக். நிரல் இரண்டு விநாடி அசையாமல் நின்றால் சிப் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும் வசதி உள்ளேயே இருக்கிறது, யாரும் இயக்குவதில்லை. பழைய பூட்லோடர் (போர்டு தொடங்கும்போது முதலில் ஓடும் சிறு நிரல்) உள்ள ஆர்டுயினோ நேனோவில் வாட்ச்டாக்கை இயக்கினால் அது ரீசெட் சுழலில் மாட்டிக்கொண்டு வெளியே வராது. பூட்லோடரைப் புதுப்பித்துவிட்டுப் பிறகு இயக்குங்கள். நான்காவது, 5 வோல்ட்டுக்கு ஃபோன் சார்ஜர். இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இனி புதிதாக என்ன செய்வது. நான் சொல்லப்போவது பலருக்கு மிகையாகப் படும். 24 பட்டனுக்கும் 24 விளக்குக்கும் ஒரு சிறிய பிஎல்சி (புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர்) வாங்குங்கள். ஆலைகளில் மோட்டார்களை ஓட்டுகிற அதே பெட்டிதான். அடிப்படை அலகோடு ஒரு விரிவாக்க அலகு சேர்த்தால் தேவையான எண்ணிக்கை வந்துவிடும். ஆர்டுயினோவைவிடப் பல மடங்கு விலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் மேலே நான் எழுதிய வைத்தியத்தில் பெரும்பகுதி அதற்குள் ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறது. உள்ளீடு 24 வோல்ட்டில், ஏறக்குறைய 5 மில்லிஆம்பியர் எடுத்துக்கொண்டு, ஆப்டோகப்ளர் (ஒயர் இணைப்பின்றி ஒளியால் சைகையைக் கடத்துவது) வழியாகப் போகிறது. வடிகட்டும் நேரத்தை அமைப்பிலேயே மாற்றிக்கொள்ளலாம். கரண்ட் போய் வந்தால் தானே எழுந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, திருச்சியிலோ ஓசூரிலோ கோவையிலோ ஏதாவது ஓர் ஆலையில் பேனல் வேலை செய்தவர் எவரும் அதைத் திறந்ததும் எந்த உள்ளீட்டு விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்று பார்த்தே பழுதைச் சொல்லிவிடுவார். யாரோ எழுதிய ஆர்டுயினோ நிரலை, அவர் ஊரை விட்டுப் போன பிறகு படித்துப் புரிந்துகொள்ள ஆள் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பதை இந்த இரண்டு வருடத்தில் நீங்களே பார்த்துவிட்டீர்கள். வாங்கும்போது டிரான்சிஸ்டர் வெளியீடு கேளுங்கள். ரிலே வெளியீடு டிக் டிக் என்று சத்தம் போடும், தேயவும் செய்யும்.

பிஎல்சிக்குப் பணம் இல்லை என்றால் ஆர்டுயினோ மெகாவே போதும், அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளீடுகளுக்கு 24 வோல்ட் சுற்றும் பிசி817 ஆப்டோகப்ளரும். பட்டன் வழியில் 2.2 கிலோஓம் போட்டால் சுமார் 10 மில்லிஆம்பியர் ஓடும். வெளியீட்டுக்கு டிபிஐசி6பி595 சிப் மூன்று. ஒவ்வொன்றிலும் எட்டு வெளியீடு, ஒவ்வொரு வெளியீடும் 150 மில்லிஆம்பியர் தாங்கும், 50 வோல்ட் வரை. ரிலே போர்டுகளை மொத்தமாகக் கழற்றிவிடலாம். பிரெட்போர்டும் குத்தி வைக்கும் ஜம்பர் ஒயரும் மட்டும் வேண்டாம். இரண்டுமே சோதனை மேஜைக்கு உரியவை.

ராஸ்பெர்ரி பை பற்றிக் கேட்டீர்கள். வீடியோ காட்ட வேண்டும் என்றால் அதுதான் சரி. அப்போது மாலையில் திடீரென்று சுவிட்சை அணைப்பதால் மெமரி கார்டு கெட்டுப்போகாமல் இருக்க, அதன் அமைப்பு மெனுவில் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் என்பதை இயக்கிவிட வேண்டும். அதன்பின் கார்டில் எதுவும் எழுதப்படாது. அதே கார்டின் நகல் ஒன்றைப் பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள். உங்கள் வரைபடத்துக்கு வீடியோ தேவையில்லை. டச் ஸ்கிரீன் ஒரே நேரத்தில் ஒருவருக்குத்தான் பயன்படும். நாற்பது பிள்ளைகளோடு ஒரு பள்ளி வரும்போது, வரைபடத்தைச் சுற்றிலும் பட்டன் இருந்தால் நாற்பது பேரும் காவிரியைப் பார்ப்பார்கள். ஸ்கிரீன் இருந்தால் முன்னால் நிற்கிற மூன்று பேர் ஸ்கிரீனைப் பார்ப்பார்கள்.

விளக்குகள். 24 இடத்துக்கும் 5 மில்லிமீட்டர் எல்இடி, மேல்பாகம் பால்நிறமாக இருப்பது. 24 வோல்ட்டில் வெள்ளை அல்லது நீல எல்இடி சுமார் 3 வோல்ட் எடுக்கும். மீதி 21 வோல்ட்டுக்கு 2.2 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டால் 9.5 மில்லிஆம்பியர். ரெசிஸ்டரில் 0.2 வாட் சூடு என்பதால் அரை வாட் ரெசிஸ்டர் வாங்குங்கள், கால் வாட் வேண்டாம். எல்இடியின் அளவு 20 மில்லிஆம்பியர் என்று போட்டிருக்கும். பாதியில் ஓட்டினால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆயுள் நன்றாக நீளும். ரெசிஸ்டர்களை வரைபட மாதிரிக்குள் புதைக்காமல் போர்டு பக்கம் வையுங்கள். வழியில் எங்காவது ஒயர் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆனாலும் 11 மில்லிஆம்பியருக்கு மேல் ஓடாது, எதுவும் எரியாது. எல்இடியைப் பசை போட்டு ஒட்டவே கூடாது. அடியிலிருந்து இரண்டு பின் கனெக்டரோடு கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். அதற்கு மாதிரி ஒரு பக்கம் கீல் வைத்துத் தூக்கும்படியும், தூக்கியபின் தாங்க ஒரு கம்பியோடும் இருக்க வேண்டும். பிளாஸ்டர் மாதிரியை மேலிருந்து துளைத்து ஒட்டிவிட்டால், ஒரு எல்இடி போனதற்கு ஒரு மலையையே உடைக்க நேரும்.

ஆற்றின் வழியே நீர் ஓடுவதுபோல ஒளி ஓட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதைத் தனியாக, ஒரு சிறிய ஆர்டுயினோவிடம் கொடுங்கள், பிஎல்சியோடு கலக்காதீர்கள். எட்டடி மாதிரியில் ஆறு வளைந்து நெளிந்து ஏறக்குறைய 3 மீட்டர் வரும். மீட்டருக்கு 60 எல்இடி என்றால் 180. எல்லாரும் முதலில் வாங்குவது 5 வோல்ட்டில் ஓடும் டபிள்யூஎஸ்2812பி பட்டை. முழு வெள்ளையில் ஒரு எல்இடி 60 மில்லிஆம்பியர் வரை கேட்கும், 180-க்கு 10.8 ஆம்பியர். மெல்லிய பட்டையில் அவ்வளவு ஓடும்போது தலைக்காவிரியில் வெள்ளையாகத் தொடங்குவது பூம்புகாரில் மஞ்சளித்துப்போகும். அதைவிட முக்கியம், அதில் ஒரு எல்இடி செத்தால் அதற்கு அப்புறம் உள்ள அத்தனையும் அணைந்துவிடும். டபிள்யூஎஸ்2815 என்ற 12 வோல்ட் பட்டை வாங்குங்கள். அதில் மாற்றுத் தகவல் ஒயர் ஒன்று கூடுதலாக ஓடுகிறது. ஒன்று செத்தாலும் அடுத்தது தொடரும், அடுத்தடுத்து இரண்டு செத்தால்தான் நிற்கும். எல்இடிக்கு 15 மில்லிஆம்பியர் என்று வைத்தாலும் மொத்தம் 2.7 ஆம்பியர், 12 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பவர் சப்ளை) தாராளம். இரண்டு முனையிலிருந்தும் மின்சாரம் கொடுங்கள். தொடக்கத்தில் 25 வோல்ட் தாங்கும் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், தகவல் ஒயரில் 330 ஓம் ரெசிஸ்டர், ஆர்டுயினோவின் கிரவுண்டும் பட்டையின் கிரவுண்டும் ஒன்றாக. மேலே பால்நிற அக்ரிலிக் வைக்கும்போது பட்டைக்கும் அக்ரிலிக்குக்கும் இடைவெளி, எல்இடிகளுக்கு இடையே உள்ள தூரத்துக்குக் குறையக் கூடாது. 60 எல்இடிப் பட்டையில் அது 17 மில்லிமீட்டர். குறைந்தால் ஆறு தெரியாது, புள்ளிகள்தான் தெரியும்.

பட்டனுக்கு 22 மில்லிமீட்டர் தொழிற்சாலை வகையே நல்லது. முன்தலையும் பின்னால் உள்ள தொடுமுனைக் கட்டையும் தனித்தனியாகக் கழலும். தேய்ந்தால் கட்டையை மட்டும் மாற்றலாம், அது சிறிய ஊர் எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். உள்ளேயே விளக்கு உள்ளதாக வாங்கி, அழுத்திய கணமே அது எரியும்படி செய்யுங்கள். ஒலி வர ஒரு விநாடி ஆனாலும் பட்டன் விளக்கு உடனே எரிந்தால் பிள்ளைகள் ஒருமுறை அழுத்திவிட்டு நிறுத்துவார்கள். பதில் தெரியாத பட்டனைத்தான் குத்துகிறார்கள். உயரம் தரையிலிருந்து 80 முதல் 90 சென்டிமீட்டருக்குள் இருந்தால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எட்டும். நிரல், பட்டன் கீழே போகும் கணத்தை மட்டும் எண்ண வேண்டும், அழுந்தியே இருப்பதை எண்ணக் கூடாது. யாராவது பட்டன்மேல் சாய்ந்து நின்றாலும் மற்ற 23 வேலை செய்ய வேண்டும் அல்லவா. ஒரு விளக்கம் ஓடும்போது இன்னொரு பட்டனை அழுத்தினால் புதியது உடனே தொடங்கட்டும். ஆர்டுயினோவில் நேரம் கணக்கிட டிலே கட்டளையைப் பயன்படுத்தினால் அந்த முப்பது விநாடியும் சிப்புக்குக் காது கேட்காது. மில்லிஸ் (ஓடிய நேரத்தைச் சொல்லும் கட்டளை) கணக்கை வைத்து எழுதச் சொல்லுங்கள். மூன்று நிமிடம் யாரும் தொடாவிட்டால் தலைக்காவிரியிலிருந்து ஒவ்வொரு இடமாக மெல்ல எரிந்து அணையட்டும். தூரத்தில் நிற்பவரை அது கூப்பிடும்.

குரலுக்கு ஆற்று விளக்கை ஓட்டும் அதே சிறிய ஆர்டுயினோ போதும். பிஎல்சியின் ஐந்து வெளியீடுகளை ஆப்டோகப்ளர் வழியாக அதற்குக் கொடுத்தால் இரும எண்ணாக 32 வரை சொல்லலாம், 24-க்கு அது போதும்; ஆறாவது ஒயர் தொடங்கு என்று சொல்ல. இப்படிப் பிரித்து வைப்பதில் ஒரு நன்மை: குரலும் ஆறும் பழுதானால்கூட இட விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும், கூடத்தை மூட வேண்டியதில்லை. டிஎஃப்பிளேயரில் கார்டு 32 ஜிபிக்குள், எஃப்ஏடி32 வடிவில் இருக்க வேண்டும். எம்பி3 என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, கோப்புகளுக்கு 0001, 0002 என்று பெயர் வைத்து, அந்த ஃபோல்டரை எண்ணால் அழைக்கும் கட்டளையையே பயன்படுத்துங்கள். சாதாரணமாக இயக்கும் கட்டளை கோப்பின் பெயரைப் பார்க்காது, கார்டில் நகலெடுத்த வரிசையைத்தான் பார்க்கும். கல்லணை பட்டனை அழுத்தினால் மேட்டூர் பேசுவது அதனால்தான். தகவல் ஒயரில் 1 கிலோஓம் போட்டால் கிர்ரென்ற சத்தம் குறையும். ஸ்பீக்கரின் ஆம்பிளிஃபையருக்குத் தனி எஸ்எம்பிஎஸ் கொடுங்கள். எல்இடி பட்டையோடு பகிர்ந்தால் ஒளி ஓடும் தாளம் ஒலியிலும் கேட்கும்.

ஒயரிங்கில் மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன். திருகு டெர்மினலில் போகும் ஒயர் முனைக்கு ஈயம் பற்றவைக்காதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நழுவும், ஒரு வருடத்தில் திருகு தளர்ந்துவிடும். லக் அல்லது ஃபெரூல் (ஒயர் முனைக்கான உலோக உறை) வைத்து கிரிம்ப் செய்ய, அதாவது கருவியால் இறுக்கி அழுத்த, வேண்டும். ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு முனையிலும் ஒரே எண் ஒட்டுங்கள். பிறகு எலி. நம் ஊரில் ஒயருக்கு எலியைவிடப் பெரிய எதிரி இல்லை, எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பல்லி. ஒயர்களைக் குழாயில் விடுங்கள், பெட்டியின் காற்றுத் துளைகளுக்கு மெல்லிய கம்பி வலை அடியுங்கள். மெயின்ஸ் பக்கம் எர்த், எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் அணையும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவில் அணையும் சுவிட்ச்) மூன்றும் கட்டாயம். பிள்ளைகள் கை வைக்கிற பொருள் இது. அந்தப் பகுதியை மட்டும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்யட்டும்.

ஓலைச்சுவடிப் பேழையில் கணக்கு வேறு மாதிரி. விளக்கால் சுவடிக்கு நேரும் சேதம் திரும்பாது. எனவே இங்கே முதல் கேள்வி எவ்வளவு ஒளி, எத்தனை மணி நேரம் என்பது. ஒளியால் எளிதில் கெடும் பொருட்களுக்கு 50 லக்ஸ் (மேற்பரப்பில் விழும் ஒளியின் அலகு) என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. சர்வதேச ஒளியூட்டல் ஆணையத்தின் சிஐஇ 157:2004 அறிக்கை வருடக் கணக்கையும் தருகிறது: மிக மென்மையானவற்றுக்கு 15,000 லக்ஸ்-மணி, நடுத்தரமானவற்றுக்கு 1,50,000. சுவடியின் கரி மை ஒளிக்கு அசையாது, ஓலை அப்படியில்லை. உங்கள் சுவடி எந்த வகுப்பில் வரும் என்பதை நேரில் பார்க்கும் பாதுகாப்பு வல்லுநர்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவரை கடுமையான கணக்கையே பின்பற்றுவது பாதுகாப்பு. நாளைக்கு 7 மணி நேரம், 300 நாள், 50 லக்ஸ் என்று எரியவிட்டால் 1,05,000 லக்ஸ்-மணி. அதே விளக்கு பட்டன் அழுத்தினால் 24 விநாடி மட்டும் எரிந்து, நாளைக்கு 150 முறை அழுத்தப்பட்டால் நாளுக்கு ஒரு மணி நேரம், வருடத்துக்குச் சரியாக 15,000. ஆகவே ஆள் வந்தால் மட்டும் விளக்கு என்ற உங்கள் எண்ணம் மிகவும் சரியானது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பேழை விளக்கு அணைந்திருக்கும்போது, கூடத்து ஜன்னலும் டியூப்லைட்டும் சுவடிமேல் 20 லக்ஸ் விழச்செய்தால், அது மட்டுமே வருடத்துக்கு 42,000 ஆகிவிடும். பட்டனால் மிச்சம் பிடித்ததெல்லாம் வீண். முதலில் பேழை விளக்கை அணைத்துவிட்டு, சுவடி இருக்கும் இடத்தில் லக்ஸ் மீட்டரை வைத்து அளந்து பாருங்கள். ஃபோன் ஆப் வேண்டாம், சாதாரண லக்ஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் ஒரு திரைச்சீலையே தீர்வாக முடியும்.

ஆளை உணர பிஐஆர் (உடல் வெப்பத்தை உணரும்) சென்சாரைக் கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் வேலை செய்யாது. உடல் வெப்பத்தின் அகச்சிவப்பு அலை கண்ணாடி வழியே ஊடுருவாது. சென்சாரை வெளியே, பேழையின் மேல்விளிம்பில் கீழ்நோக்கி வையுங்கள். அல்லது பட்டனே வையுங்கள். பட்டன்தான் என் விருப்பம்: கடந்து போகிறவருக்கெல்லாம் விளக்கு எரியாது, பார்க்க விரும்புகிறவர் அழுத்துவார். எல்இடி 2700 முதல் 3000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை உண்மையாகக் காட்டும் அளவு) 90-க்கு மேல். ஓலையின் பழுப்பு அதில்தான் உயிரோடு தெரியும், நீல ஒளியும் குறைவு. இரண்டு விநாடியில் மெல்ல ஏறி மூன்று விநாடியில் மெல்ல இறங்கட்டும். ஆர்டுயினோவின் இயல்பான பிடபிள்யூஎம் (வேகமாக அணைத்துப் போட்டு ஒளியைக் கூட்டிக் குறைக்கும் முறை) 490 ஹெர்ட்ஸ்; கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பார்வையாளர் ஃபோனில் எடுக்கும் வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடும். டைமரை மாற்றி 20 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றச் சொல்லுங்கள். டிரைவரும் எஸ்எம்பிஎஸ்ஸும் பேழைக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளே சூடு ஏறினால் ஓலை காய்ந்து முறியும். உள்ளே ஒட்டுவதற்குப் புளிப்பு வாடை வரும் சிலிக்கோன் வேண்டாம். அந்த வாடை அசிட்டிக் அமிலம். நியூட்ரல் க்யூர் என்று போட்டதை வாங்கி, ஒட்டியபின் வாடை முழுக்கப் போகும்வரை சுவடியை உள்ளே வைக்காதீர்கள்.

பொருட்காட்சிக்கு எடுத்துப்போவதற்காகத் தனிச் சுற்று எதுவும் வேண்டாம், கனெக்டர்கள் மட்டும் மாற வேண்டும். மாதிரிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் இடையே பூட்டும் வகைக் கனெக்டர்கள், ஒன்றுக்கொன்று வேறு பின் எண்ணிக்கையில் இருக்கட்டும். இரவு பன்னிரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் மாட்டினாலும் தப்பாக மாட்ட முடியாது. அரங்கில் வரும் மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து இருக்கலாம், எஸ்எம்பிஎஸ் 90 முதல் 264 வோல்ட் வரை எடுக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மாட்டும் முன் அரங்கு பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட்டே மாட்டுங்கள்.

செய்து தருபவரிடம் பணத்தை முழுக்கக் கொடுப்பதற்கு முன் இவற்றை உங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள். மெயின்ஸை ஐம்பது முறை அணைத்துப் போட வேண்டும், அதில் பத்து முறை விளக்கம் ஓடும்போதே. பக்கத்தில் ஃபேனையும் டியூப்லைட்டையும் திரும்பத் திரும்பப் போட்டு எதுவும் தானாக எரியவில்லை என்று காட்ட வேண்டும். ஒரு பட்டனை டேப் போட்டு அழுத்தியே வைத்துவிட்டு மற்றவற்றைச் சோதிக்க வேண்டும். பிறகு ஒரு வாரம் நாள்தோறும் எட்டு மணி நேரம் ஓட வேண்டும். ஒயர் எண்களோடு சர்க்யூட் படம் பிளாஸ்டிக் உறையில் கதவின் உட்பக்கம், நிரல் ஒரு பென்டிரைவில், பட்டன் கட்டை நான்கு, எல்இடி பத்து, எஸ்எம்பிஎஸ் ஒன்று, எழுதப்பட்ட மெமரி கார்டு ஒன்று அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

நான் படம் எதையும் பார்க்காமல், நீங்கள் எழுதியதை வைத்தே சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் இரண்டு காரியம் செய்து இங்கேயே எழுதுங்கள்: செத்த பட்டன்களில் எத்தனை, ஒயரால் தொட்டபோது வேலை செய்தன, பேழை விளக்கு அணைந்திருக்கும்போது காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் சுவடிமேல் எத்தனை லக்ஸ். அந்த எண்கள் தெரிந்தால் எதை மாற்றுவது, எதை அப்படியே வைத்துக்கொள்வது என்று இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.